கரிசல் வட்டாரத்தில் இறுதிக்காலப் பராமரிப்பு

இறுதிக்காலப் பராமரிப்பு என்பது, குணப்படுத்த இயலாத நிலையை அடைந்துவிட்ட நோயாளிக்கு எஞ்சியிருக்கும் மாதங்களிலோ வாரங்களிலோ நாட்களிலோ, அவருடைய வலியையும் மூச்சுத்திணறலையும் அச்சத்தையும் தணித்து, அவரும் அவரைச் சூழ்ந்த குடும்பமும் அக்காலத்தைத் தாங்கிக் கடக்கத் துணைநிற்கும் மருத்துவ, செவிலிய, சமூகப் பணிகளின் தொகுப்பாகும். இதைத் தன்னுள் அடக்கிய பெரிய துறை ஆதரவுச் சிகிச்சை எனப்படுகிறது. ஆதரவுச் சிகிச்சையை நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே, நோயைக் குணப்படுத்தும் மருத்துவத்தோடு சேர்த்தே தொடங்கலாம். அதன் கடைசிக் கட்டமே இறுதிக்காலப் பராமரிப்பு. கோவில்பட்டியை நடுவாகக் கொண்ட கரிசல் வட்டாரத்தில் இப்பணியின் நிலை என்ன, இத்துறையின் மாநாடுகளுக்கு இவ்வட்டாரத்திலிருந்து எவர் செல்ல வேண்டும், எவரோடு செல்ல வேண்டும் என்பவற்றை ஆராய்வது இவ்வுரையின் நோக்கம்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, சாத்தூர் என விரியும் இந்நிலப்பரப்பு பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் பாசியும் மிளகாயும் விளைவிக்கும் மானாவாரிப் பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பத்தைத் தாங்கியவை தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும், திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்ற பிள்ளைகள் அனுப்பிய பணமுமே. இதன் விளைவாக, வீட்டில் முதியவர் ஒருவர் படுக்கையில் விழுந்தால் அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, செய்த வேலையின் அளவுக்கே கூலி பெறும் மகளுக்கோ மருமகளுக்கோ வந்து சேர்கிறது. அவர் வீட்டில் தங்கும் ஒவ்வொரு நாளும் கூலியில்லாத நாளாகிவிடுகிறது. தமிழ்நாட்டு மக்களில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 10.4 விழுக்காடு, 2021-க்கான மதிப்பீட்டில் அது 13.6 விழுக்காடாக உயர்ந்து, இந்திய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு வைக்கப்பட்டது. இளையோர் வெளியேறும் மானாவாரிக் கிராமங்களில் இந்த மூப்பின் சுமை கண்கூடாகத் தெரிகிறது.

இவ்வட்டாரத்தில் மரணப்படுக்கையைப் பற்றிய பேச்சுக்கும் சடங்குக்கும் குறைவில்லை. நாட்கணக்கில் நினைவின்றிக் கிடப்பவரை 'இழுத்துக்கிட்டுக் கிடக்கு' என்று சொல்லும் வழக்கில், பார்ப்பவரின் இரக்கமும் சலிப்பும் ஒருசேரக் கலந்திருக்கின்றன. உயிர் பிரியாமல் தங்குவதற்கு நிறைவேறாத ஆசையே காரணம் என்னும் நம்பிக்கையால், அவர் உழுத நிலத்து மண்ணைக் கரைத்து வாயில் விடுவதும், காசை உரசிய நீரைப் புகட்டுவதும், உறவினர் ஒவ்வொருவராக வந்து பால் ஊற்றுவதும் தென்மாவட்டங்களில் அறியப்பட்ட செயல்கள். மருத்துவ நோக்கில் பார்த்தால், விழுங்கும் ஆற்றலை இழந்துவிட்ட ஒருவரின் வாயில் ஊற்றப்படும் எந்த நீர்மமும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, அவருடைய கடைசி மணி நேரங்களைத் திணறலாக்கிவிடக்கூடும். ஆயினும் அச்செயலைச் செய்பவரின் மனத்தில் இருப்பது விடைகொடுக்கும் எண்ணமே ஆதலால், அதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டுப் போகும் மருத்துவர் அந்த வீட்டின் நம்பிக்கையை இழப்பார்.

இச்சடங்குகளிலிருந்து முற்றிலும் வேறுபட்டது, விருதுநகர், மதுரை, தேனி உள்ளிட்ட தென்மாவட்டங்களில் நிகழ்ந்ததாகப் பதிவாகியுள்ள தலைக்கூத்தல். படுத்த படுக்கையான முதியவரை அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் புகட்டி, தளர்ந்த அவருடைய உடல் தாங்காமல் ஓரிரு நாட்களில் இறந்துபோகும்படி குடும்பத்தாரே செய்யும் செயல் அது. 2010-இல் விருதுநகர் மாவட்டத்து முதியவர் ஒருவர், தமக்கு இது நேரவிருப்பதை அறிந்து வீட்டைவிட்டுத் தப்பிச் சென்ற செய்தி வெளியானதை அடுத்து இவ்வழக்கம் நாடு முழுவதும் பேசப்பட்டது. பின்னர் 'பாரம்', 'கே.டி. (எ) கருப்புதுரை', 2023-இல் வெளியான 'தலைக்கூத்தல்' ஆகிய திரைப்படங்கள் இதனைக் கருவாகக் கொண்டன. அவற்றுள் 'பாரம்' 2018-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. இது எத்தனை வீடுகளில் நடந்தது என்பதற்குக் கணக்கு இருக்க வழியில்லை. முதுமையால் நேர்ந்த இயற்கை மரணமாகவே அவை எழுதப்பட்டிருக்கும்.

தலைக்கூத்தல் சட்டத்தின் பார்வையில் கொலை. அதில் விவாதத்துக்கு இடமில்லை. சாகவிருப்பவரின் சம்மதம் அங்கே கேட்கப்படுவதில்லை. பேரன் பேத்திகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் சில மாதங்கள் வாழ அவருக்கு விருப்பம் இருந்ததா என்பதை எவரும் அறிய முற்படுவதும் இல்லை. ஆனால் இக்குற்றத்தைக் கொடியோர் சிலரின் செயலாக மட்டும் காண்பவர், அது முளைத்த நிலத்தைக் காணத் தவறுகிறார். முதுகெங்கும் புண்ணோடு, இரவு முழுவதும் வலியால் கத்தும் ஒருவரோடு, வலியைத் தணிக்க ஒரு மாத்திரையும் இன்றி, புண்ணைக் கழுவக் கற்றுத்தர ஒரு செவிலியரும் இன்றி, ஒற்றை அறை வீட்டில் மாதக்கணக்கில் வாழும் குடும்பத்துக்குச் சமூகம் விட்டுவைத்த வழிகள் மிகச் சில. தண்டனைச் சட்டம் இறப்புக்குப் பின் வருகிறது. இறப்புக்கு முந்திய அந்த மாதங்களில் வந்து கதவைத் தட்ட வேண்டியவர் செவிலியர். அவர் வந்து போகும் வீட்டில் முதியவர் காப்பாற்றப்படுவதோடு, குடும்பமும் கொடுஞ்செயல் ஒன்றிலிருந்து காக்கப்படுகிறது.

தானே விரும்பி உணவை நிறுத்தி உயிர்விடும் மரபு ஒன்றும் தமிழ் நிலத்துக்குப் பழக்கமானதே. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த செய்தியைச் சங்க இலக்கியம் தருகிறது. சமணத் துறவியரின் சல்லேகனை இன்றும் கைக்கொள்ளப்படும் நோன்பு. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள கழுகுமலையில் சமணச் சிற்பங்களைப் பார்ப்பவர்க்கு அம்மரபு நினைவுக்கு வருவது இயல்பு. எனினும் ஒருவர் தம் முடிவைத் தாமே எடுப்பதும், ஒருவருக்காகப் பிறர் முடிவெடுத்துவிடுவதும் ஒன்றாகா. இக்காலச் சட்டமும் இவ்வேறுபாட்டின் மீதே நிற்கிறது. 'காமன் காஸ்' வழக்கில் 2018 மார்ச் 9 அன்று அளித்த தீர்ப்பில், கண்ணியத்தோடு இறக்கும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறி, முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்கியது. மீளும் வாய்ப்பற்ற நிலையில் செயற்கைச் சுவாசம் போன்ற உயிர்காப்புக் கருவிகள் தமக்கு வேண்டாம் என்று, சுயநினைவோடு இருக்கும்போதே ஒருவர் எழுதிவைப்பதே அந்த ஆவணம். முதலில் நீதித்துறை நடுவரின் ஒப்பம் வேண்டும் என்றிருந்ததால் நடைமுறையில் எவரும் அணுக முடியாததாக இருந்த இந்த ஏற்பாட்டை, 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் எளிதாக்கி, இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் கையொப்பமிட்டு நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும் என்றது. தீவிர சிகிச்சைப் பிரிவைக் காணாமலே, சொந்தக் கயிற்றுக் கட்டிலில் இறக்கும் கரிசல் விவசாயிக்கு இந்த ஆவணத்தால் பெரும்பயன் இல்லை. அவருக்கு முதலில் வேண்டியது வலி தணிவது.

வலியைப் பற்றிய இக்கால அறிவுக்கு அடித்தளமிட்டவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகவும், பின் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும், அதன்பின் மருத்துவராகவும் பயின்ற அவர், 1967-இல் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தை நிறுவினார். உடல் வலி, மனத்துயர், குடும்பத்தைப் பற்றிய கவலை, வாழ்வின் பொருளைப் பற்றிய கலக்கம் ஆகிய நான்கும் பிணைந்து நோயாளியை வருத்துவதை முழுமை வலி என்று அவர் விளக்கினார். கடன் அடையாத நிலையில் இறக்கப்போகும் மானாவாரி விவசாயியின் வலி, மருந்தின் அளவைக் கூட்டிய பின்னும் ஏன் முற்றிலும் தணிவதில்லை என்பதற்கு இவ்விளக்கத்தில் விடை இருக்கிறது. ஒரே ஆளாக மூன்று தொழில்களையும் கற்ற ஒருவரால் தோன்றிய துறை இது என்பது கவனிக்கத்தக்கது. அவரைப் போல மூன்றையும் கற்க இயலாத மற்றையோர், மூன்று தொழிலினரும் கூடிச் செய்வதன் மூலமே அதை நிறைவேற்ற முடியும்.

உடல் வலியைத் தணிக்கும் மருந்துகளில் முதன்மையானது மார்பின். 1986-இல் உலகச் சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கென வகுத்த படிநிலை முறையில், எளிய வலிநீக்கிகளுக்கு அடங்காத கடும்வலிக்கு வாய்வழி மார்பின் பரிந்துரைக்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்திலும் இராசத்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசின் உரிமம் பெற்று அபினிச் செடி பயிரிடும் நாடு இந்தியா. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விதித்த பல்வேறு உரிமங்களுக்கு அஞ்சி மருத்துவமனைகளும் மருந்தகங்களும் மார்பினை வைத்திருப்பதையே கைவிட்டதால், அதன் மருத்துவப் பயன்பாடு பெரிதும் சரிந்தது. வலி நிவாரணத்தைப் பற்றி ஆராய்ந்த லான்செட் ஆணையம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆதரவுச் சிகிச்சை தேவைப்படும் இந்திய நோயாளி ஒருவருக்கு ஓராண்டுக்குக் கிடைத்தது, மார்பின் கணக்கில் 43 மில்லிகிராம். தேவையில் அது ஏறத்தாழ 4 விழுக்காடு. பத்து மில்லிகிராம் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை உட்கொள்ளும் நோயாளிக்கு அந்த ஓராண்டுப் பங்கு ஒரு நாளுக்கும் போதாது. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இன்றியமையாத போதை மருந்துகள் என்னும் தனி வகுப்பு உருவாக்கப்பட்டது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் ஏற்புப் பெற்ற மருத்துவமனைகள் அவற்றை வாங்கிவைத்து வழங்கலாம் என்னும் எளிய நடைமுறையும் வந்தது. சட்டம் திருந்திய பின்னும் தயக்கம் நீங்கவில்லை. மார்பின் கொடுத்தால் நோயாளி அடிமையாகிவிடுவார், மூச்சு நின்றுவிடும் என்னும் அச்சம், அம்மருந்தைப் பயன்படுத்திப் பழகாத மருத்துவரிடம் இன்றும் வலுவாக உள்ளது. உரிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, தவறாமல் மலமிளக்கியும் சேர்த்துக் கொடுத்தால் அது பாதுகாப்பான மருந்து என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட, பலகாலம் கொடுத்துப் பழகியவரிடம் நேரில் கேட்டறிவதே அந்த அச்சத்தைப் போக்கும். மாநாடுகளின் முதற்பயன் இங்கேதான் தொடங்குகிறது.

இந்தியாவில் இத்துறையின் முதல் காப்பகமான சாந்தி அவேத்னா சதன் 1986-இல் மும்பையில் தொடங்கப்பட்டது. எம். ஆர். இராசகோபால், சுரேஷ்குமார் முதலியோர் 1993-இல் கோழிக்கோட்டில் வலி மற்றும் ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினர். அங்கிருந்து வளர்ந்த இயக்கம், பயிற்சி பெற்ற உள்ளூர்த் தன்னார்வலர்களும் செவிலியர்களும் வீடுதேடிச் செல்லும் முறையாகக் கேரளம் முழுவதும் பரவி, 2008-இல் நாட்டிலேயே முதலாவதாக ஒரு மாநில அரசு ஆதரவுச் சிகிச்சைக் கொள்கையை வெளியிடக் காரணமாயிற்று. செங்கோட்டைக் கணவாயைக் கடந்தால் காணக்கூடிய முன்மாதிரி அது. இந்திய ஆதரவுச் சிகிச்சைச் சங்கம் 1994-இல் அமைந்தது. மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், உளவியலாளர், தன்னார்வலர் ஆகியோர் கூடும் அதன் ஆண்டு மாநாடு நாட்டின் வெவ்வேறு நகரங்களில் நடைபெறுகிறது. ஆய்வுக் கட்டுரைகள் படிக்கப்படும் அரங்குகளோடு, மருந்தளவு கணக்கிடுதல், புண் பராமரித்தல், துயரச் செய்தியை எடுத்துச் சொல்லுதல் போன்றவற்றைச் செய்து பழகும் பயிலரங்குகளும் இத்தகைய மாநாடுகளில் இடம்பெறுகின்றன.

இம்மாநாடுகளுக்குச் சிற்றூர் மருத்துவமனையிலிருந்து ஒருவர் தனியே செல்வதால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு என்பதே இவ்வுரை வலியுறுத்த விரும்பும் கருத்து. வாய்ப்புற்று முற்றிக் கன்னத்தில் ஆறாத புண் உண்டான நோயாளியை எண்ணிப் பார்க்கலாம். தனியே சென்ற மருத்துவர் மார்பினின் அளவைத் தெளிவாகக் கற்றுத் திரும்புகிறார், வலி குறைகிறது. ஆனால் புண்ணின் நாற்றத்தால் அந்நோயாளியின் கட்டில் மாட்டுத் தொழுவத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. பேரப்பிள்ளைகள் அருகில் வருவதில்லை. மெட்ரோனிடசோல் என்னும் மலிவான மாத்திரையைப் பொடித்து, கழுவித் துடைத்த புண்ணின்மேல் தூவிக் கட்டினால் சில நாட்களில் நாற்றம் அடங்கும் என்பது இத்துறைச் செவிலியர்கள் நன்கு அறிந்த எளிய முறை. அதைக் கற்பிக்கும் பயிலரங்கு, மருந்தளவு அரங்கு நடக்கும் அதே நேரத்தில் வேறோர் அறையில் நடந்திருக்கும். செவிலியர் உடன் சென்றிருந்தால் அவர் அந்த அறையில் இருந்திருப்பார். கட்டிலும் வீட்டுக்குள் திரும்பியிருக்கும். செவிலியர் மட்டும் சென்றிருந்தால் நிலை இன்னும் கடினம்: புண் ஆறுதலாகக் கட்டப்படும், ஆனால் மார்பின் சீட்டில் கையெழுத்திட எவரும் இரார்.

கற்றதைச் செயலாக்குவதிலும் இருவர் வேண்டியுள்ளது. மாநாட்டில் கேட்ட புதிய முறையைப் பழைய மருத்துவமனையில் புகுத்த முற்படும் ஒற்றை மனிதர், மருந்தகத்தின் தயக்கத்தையும் மேலதிகாரியின் ஐயத்தையும் சக ஊழியரின் அலட்சியத்தையும் தனியே எதிர்கொண்டு, சில வாரங்களில் ஓய்ந்துவிடுகிறார். ஒரே உரையைச் சேர்ந்து கேட்டு, திரும்பும் இரயிலில் அதை விவாதித்து, நம் ஊருக்கு இது ஒத்துவரும், இது ஒத்துவராது என்று முடிவுசெய்துகொண்டு வந்த இருவரை ஓயவைப்பது அவ்வளவு எளிதன்று. அரசு மருத்துவமனைகளில் மருத்துவர்கள் மேற்படிப்புக்கும் பணிமாறுதலுக்கும் ஆட்பட்டு விரைவில் ஊரைவிட்டுச் செல்கின்றனர். உள்ளூரில் குடியிருக்கும் செவிலியரிடம் தங்கிய அறிவே அடுத்த மருத்துவருக்குக் கைமாறுகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வாரந்தோறும் இறப்பைப் பார்க்கும் பணியில் இருப்பவர்க்கு, தாம் கண்டதைச் சொல்லி மனம் ஆற ஒரு துணை வேண்டும். அத்துணை இல்லாமல் உள்ளம் வறண்டு இப்பணியை விட்டு விலகிய நல்ல ஊழியர்களை இத்துறை இழந்திருக்கிறது. பயணச் செலவையும் விடுப்பையும் காரணம் காட்டிச் செவிலியரை விட்டுவிட்டு மருத்துவரை மட்டும் அனுப்பும் நிர்வாகம், சிக்கனம் செய்ததாக எண்ணுவது தவறு. அது செலவழித்த பணத்தையும் வீணாக்குகிறது.

இருவரும் திரும்பிவந்து பணி தொடங்குவதற்கான களம் இங்கே ஆயத்தமாகவே உள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்துகளை வீட்டில் சேர்ப்பதோடு, ஆதரவுச் சிகிச்சையையும் இயன்முறைச் சிகிச்சையையும் தன் பணிகளில் சேர்த்துள்ளது. வீட்டைத் தேடிச் செல்லும் கால்கள் இருக்கின்றன; அக்கால்கள் சென்றடைந்த வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்பிப்பதே எஞ்சியுள்ளது. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதை மருமகளுக்குக் கற்றுத்தருவது, நீர்ப்படுக்கைக்கு ஏற்பாடு செய்வது, நாக்கையும் ஈறுகளையும் ஈரத்துணியால் துடைத்துத் தூய்மையாக வைப்பது போன்ற சிறு செயல்களே இப்பணியின் பெரும்பகுதி. கடைசி நாட்களில் பசி அற்றுப்போவது உடல் அடங்கும் முறையின் ஒரு கூறு என்பதையும், 'சாப்பாடு போடாமல் கொன்றுவிட்டோமே' என்று பின்னால் வருந்த வேண்டியதில்லை என்பதையும் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். பால் ஊற்ற வந்த உறவினரைத் தடுத்து அனுப்பத் தேவையில்லை. பாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் உதட்டை ஈரப்படுத்தச் சொன்னால், சடங்கும் நிறைவேறும், நோயாளியும் திணறார். இறப்புக்குப் பின், ஊரார் துட்டி கேட்டு முடித்துப் போனதும் வெறுமையாகிவிடும் வீட்டுக்கு, அதே செவிலியர் ஒருமுறை சென்று அமர்ந்துவருவதும் இறுதிக்காலப் பராமரிப்பைச் சேர்ந்ததே. இவற்றுள் எதுவும் மாநாட்டு மேடையில் கோவில்பட்டிக்கென்று சொல்லித்தரப்படுவதில்லை. அங்கே கேட்டதை இம்மண்ணின் வழக்கங்களோடு பொருத்தும் வேலை, இங்கிருந்து சென்றவர்களுடையது. பொருத்திக் கண்ட அனுபவத்தை மறுஆண்டு அதே மேடையில் எடுத்துரைக்கும் கடமையும் அவர்களுக்கு உண்டு. தலைக்கூத்தல் என்னும் சொல்லால் மட்டும் வெளியுலகம் அறிந்திருக்கும் தென்மாவட்டங்களிலிருந்து, அதற்கு மாற்றாகச் செய்யப்படும் பணியைப் பற்றிய கட்டுரை ஒன்று அங்கே படிக்கப்பட வேண்டும்.

இவ்வட்டாரத்து அரசு, தனியார் மருத்துவமனைகளின் பொறுப்பாளர்களுக்கும், மருத்துவர் சங்கக் கிளைகளுக்கும், செவிலியர் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் விடுக்கப்படும் வேண்டுகோள் இதுவே: அடுத்த ஆதரவுச் சிகிச்சை மாநாட்டுக்கான அழைப்பு வந்து சேரும்போது, பதிவுப் படிவத்தில் மருத்துவர் பெயருக்குக் கீழே செவிலியர் ஒருவரின் பெயரையும் எழுதி, இருவருக்கும் பணிநாளாகவே கணக்கிட்டு, இருவரின் பயணச் செலவையும் மருத்துவமனையே ஏற்று அனுப்புங்கள்.